தெளிந்த ஒலியைத் தேடிய லியோ ஃபெண்டர்

1969-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நடைபெற்ற வுட்ஸ்டாக் இசை விழாவின் நிறைவில், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தமது மின் கிட்டாரில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தார். அலறலும் கரகரப்பும் கலந்த அந்த ஒலி, வியட்நாம் போர்க் காலத்தின் அடையாளங்களில் ஒன்றாக இன்றும் நினைவுகூரப்படுகிறது.

ஹென்ட்ரிக்ஸின் கையில் இருந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டரின் பட்டறையில் பிறந்த வடிவமாகும். அவருக்குப் பின்னால் அடுக்கி வைக்கப்பட்டிருந்த ஆம்ப்ளிஃபயர்கள் பிரிட்டனைச் சேர்ந்த மார்ஷல் நிறுவனத்தின் தயாரிப்புகள். ஆனால் அந்த ஆம்ப்ளிஃபயர்களின் மூதாதையும் ஃபெண்டர் உருவாக்கிய ஒரு மின்சுற்றுதான்.

இதில் முரண் ஒன்று உண்டு. அந்த ஒலியில் கேட்ட கரகரப்பை ஒரு குறையாகக் கருதி, அதை நீக்குவதற்காகவே பல ஆண்டுகள் உழைத்தவர் லியோ ஃபெண்டர். அவர் கைவிட நினைத்த ஒன்றே அவருடைய கருவிகளுக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. இந்த முரணின் ஒரு பகுதி, கட்டைவிரல் அளவே உள்ள ஒரு கண்ணாடிக் குழாயைச் சார்ந்திருந்தது.

ஆரஞ்சுத் தோட்டமும் வானொலியும்

கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் 1909-ம் ஆண்டு ஆகஸ்ட் 10-ம் தேதி தெற்குக் கலிஃபோர்னியாவில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அனஹைம், ஃபுல்லர்ட்டன் நகரங்களை ஒட்டிய பகுதியில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தனர். எட்டு வயதில் ஏற்பட்ட கட்டி காரணமாக அவர் இடது கண்ணை இழந்தார். அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் செயற்கைக் கண்ணுடனேயே இருந்தார்.

அவருடைய மாமா ஒருவர் சாண்டா மரியா நகரில் மோட்டார் வாகனங்களுக்கான மின்பணிக் கடை நடத்தி வந்தார். லியோவுக்கு 13 வயதாக இருந்தபோது, கழித்துப் போடப்பட்ட வானொலி உதிரிப் பாகங்கள் நிறைந்த பெட்டி ஒன்றை அவர் அனுப்பி வைத்தார். அடுத்த ஆண்டு அந்தக் கடைக்குச் சென்ற சிறுவன், மாமா சொந்தமாகத் தயாரித்திருந்த வானொலியின் ஸ்பீக்கரிலிருந்து எழுந்த உரத்த ஒலியைக் கேட்டு வியந்து நின்றான். ஒலியைப் பெருக்கும் கலையின் மீது அவருக்கு ஏற்பட்ட ஈடுபாடு அங்கிருந்துதான் தொடங்கியது.

அவர் பியானோவும் சாக்ஸபோனும் ஓரளவு பயின்றவர். ஆனால் கிட்டார் வாசிக்க அவர் ஒருபோதும் கற்றுக்கொள்ளவில்லை. மின் கிட்டாரின் வரலாற்றில் முதல் வரிசையில் வைக்கப்படும் ஒருவருக்கு அந்தக் கருவியை இசைக்கத் தெரியாது என்பது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தியாகும்.

வேலை பறிபோன கணக்காளர்

1928-ல் பள்ளிப் படிப்பை முடித்த ஃபெண்டர், ஃபுல்லர்ட்டன் இளநிலைக் கல்லூரியில் கணக்கியல் பயின்றார். மின்னியலில் அவர் முறையான கல்வி எதுவும் பெறவில்லை. ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் விநியோகப் பணியாளராகச் சேர்ந்து, பின்னர் அங்கேயே கணக்கெழுதும் பணிக்கு உயர்ந்தார். அந்தக் காலகட்டத்தில் உள்ளூர் இசைக்குழுத் தலைவர் ஒருவருக்காக நடன அரங்குகளில் பயன்படும் ஆறு ஒலிபெருக்கி அமைப்புகளைத் தயாரித்துக் கொடுத்தார்.

1934-ல் எஸ்தர் கிளாஸ்கி என்பவரை அவர் மணந்தார். அதையொட்டிக் கலிஃபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் கணக்காளராகப் பணியாற்றினார். ஆனால் அது பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். செலவுக் குறைப்பில் அந்தப் பணி பறிபோனது. அடுத்துச் சேர்ந்த டயர் நிறுவன வேலையும் நிலைக்கவில்லை.

1938-ம் ஆண்டு 600 டாலரைக் கடனாகப் பெற்று, சொந்த ஊரான ஃபுல்லர்ட்டனுக்குத் திரும்பி, ஃபெண்டர் ரேடியோ சர்வீஸ் என்ற பழுதுபார்க்கும் கடையை அவர் திறந்தார். பெரும் பொருளாதார வீழ்ச்சி வேலையைப் பறித்திராவிட்டால் லியோ ஃபெண்டர் அரசு அலுவலகத்துக் கணக்காளராகவே ஓய்வு பெற்றிருக்கக்கூடும்.

பழுதுபார்ப்பவரின் பார்வை

கடைக்கு வானொலிகள் மட்டும் வரவில்லை. இசைக் கலைஞர்கள் தங்களது ஆம்ப்ளிஃபயர்களையும் கொண்டு வந்தனர். எந்தப் பாகம் எளிதில் பழுதாகிறது, எந்த இணைப்பு விட்டுப் போகிறது, எந்த வால்வு இரைச்சல் தருகிறது என்பதை ஃபெண்டர் அந்தப் பணிமேசையில்தான் கற்றுக்கொண்டார்.

ரிக்கன்பேக்கர் நிறுவனத்தில் பணியாற்றிய அனுபவமுள்ள டாக் காஃப்மன் என்பவருடன் இணைந்து, 1940-களின் நடுப்பகுதியில் கே அண்ட் எஃப் என்ற சிறு நிறுவனத்தை அவர் தொடங்கினார். மடியில் வைத்து வாசிக்கும் ஹவாயன் கிட்டார்களும் அவற்றுக்கான ஆம்ப்ளிஃபயர்களும் அங்கு உருவாயின. கடன் சுமைக்கு அஞ்சிய காஃப்மன் 1946-ல் விலகிக்கொண்டார். ஃபெண்டர் தமது பெயரிலேயே தொழிலைத் தொடர்ந்தார்.

அவர் வடிவமைத்த ஆம்ப்ளிஃபயர்களில் பழுதுபார்ப்பவரின் பார்வை தெளிவாகத் தெரியும். பின்பக்கப் பலகையைக் கழற்றினால் எல்லாப் பாகங்களும் கைக்கு எட்டும் வகையில் ஒழுங்காக அமைக்கப்பட்டிருந்தன. எந்தத் துளையில் எந்த வால்வைச் செருக வேண்டும் என்று காட்டும் அச்சிட்ட அட்டவணை பெட்டியின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருந்தது. பயணப் பெட்டிகளுக்குப் பயன்படும் கெட்டியான பருத்தித் துணியால் அவை போர்த்தப்பட்டன. இரவு நடன அரங்கில் வாசித்துவிட்டு மறுநாள் வேறு ஊருக்குப் பயணிக்கும் கலைஞனின் தேவையை உணர்ந்து செய்யப்பட்ட கருவிகள் அவை.

முதல் வால்வு ஏன் முக்கியமாகிறது

வால்வு வானொலிகளைப் பயன்படுத்திய தலைமுறையினருக்கு வெற்றிடக் குழாய் புதிதல்ல. பொத்தானைத் திருகிய பின் அது சூடேறி ஒலி எழும்பச் சில நொடிகள் காத்திருந்த நினைவு பலருக்கு இருக்கும். அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் 1906-ல் உருவாக்கிய மூன்று மின்முனைக் குழாயே இவ்வகைப் பெருக்கிகளின் தொடக்கம்.

அதன் செயல்பாட்டை வாய்க்கால் மடையுடன் ஒப்பிடலாம். சூடேற்றப்பட்ட கேத்தோடு என்ற முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டு, உயர் மின்னழுத்தம் கொண்ட பிளேட் என்ற முனையை நோக்கிப் பாய்கின்றன. இடையில் கிரிட் என்ற கம்பி வலை உள்ளது. மடைப்பலகையைச் சிறிதளவு ஏற்றி இறக்கினாலே பெருமளவு நீரின் ஓட்டம் மாறுவதைப்போல, கிரிட்டுக்கு வரும் மிகச் சிறிய மின்சமிக்ஞை பிளேட்டில் பெரிய மாற்றத்தை உண்டாக்குகிறது.

கிட்டாரின் காந்தச் சுருளிலிருந்து கிடைக்கும் சமிக்ஞை ஒரு வோல்ட்டின் சிறு பகுதியே. ஸ்பீக்கரை இயக்கும் பெரிய வால்வுகளுக்கு அது போதாது. எனவே சிறிய வால்வுகளைக் கொண்ட முன்பெருக்கி அதைப் படிப்படியாக உயர்த்துகிறது. முதல் துளையில் உள்ள வால்வு எந்த இரைச்சலைச் சேர்த்தாலும், எந்தத் திரிபை உண்டாக்கினாலும், அதன்பின் வரும் எல்லாக் கட்டங்களும் அதையும் சேர்த்தே பெருக்கிவிடும். கிட்டார் கலைஞர்கள் முதல் வால்வின் தேர்வில் தனிக் கவனம் செலுத்துவதற்குக் காரணம் இதுதான்.

ஒவ்வொரு வால்வுக்கும் பெருக்கக் காரணி என்ற அளவு உண்டு. 12ஏஎக்ஸ்7 என்ற வால்வுக்கு அது 100. 5751 என்ற வகைக்கு 70. 12ஏடி7-க்கு 60. 12ஏஒய்7-க்கு ஏறத்தாழ 44. 12ஏயு7-க்கு சுமார் 20. இவை அனைத்தும் ஒன்பது ஊசிகள் கொண்ட ஒரே வடிவத்தைச் சேர்ந்தவை. ஊசிகளின் வரிசையும் ஒன்றே. ஆகவே ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றொன்றைச் செருக முடிகிறது.

பெருக்கம் மிகும்போது சமிக்ஞை அடுத்த கட்டத்தின் எல்லையை விரைவில் தொட்டுவிடும். அப்போது ஒலி அலையின் முகடுகள் மழுங்கிப் போகின்றன. மூலச் சுரத்தோடு அதன் மேல் ஸ்தாயியும் பிற மேற்சுரங்களும் புதிதாகச் சேர்கின்றன. செவிக்கு அது அடர்த்தியாக, கரகரப்பாகக் கேட்கிறது. பெருக்கம் குறைந்த வால்வு அந்த எல்லையைத் தள்ளிப் போடுகிறது. ஒலி நீண்ட நேரம் தெளிவாக இருக்கிறது. விரலின் அழுத்தத்திற்கு ஏற்ப மென்மையும் வன்மையும் தனித்தனியே புலப்படுகின்றன.

எண்சுவடியில் இருந்து ஒன்பது ஊசிகளுக்கு

ஃபெண்டரின் தொடக்கக் கால ஆம்ப்ளிஃபயர்களில் 6எஸ்சி7, 6எஸ்ஜே7 போன்ற எட்டு ஊசி வால்வுகள் இடம்பெற்றன. இவற்றுள் சில, அதிர்வைத் தாங்காதவை. ஸ்பீக்கரின் அதிர்வு வால்வின் உள்ளிருக்கும் பாகங்களை அசைக்க, அந்த அசைவும் ஒலியாக மாறி, மணியோசை போன்ற எதிரொலியைத் தந்தது. ஸ்பீக்கரும் வால்வும் ஒரே பெட்டியில் அடங்கிய கருவிக்கு இது பெரிய குறைபாடு.

1947-ல் ஆர்சிஏ நிறுவனம் 12ஏஎக்ஸ்7 வால்வை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டின் டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. வால்வின் காலத்தை முடித்து வைக்கவிருந்த கண்டுபிடிப்பும், இன்றுவரை மிகப் பரவலாகப் பயன்படும் இசை வால்வும் ஒரே ஆண்டில் வந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

1950-களின் நடுப்பகுதியில் ஃபெண்டரின் ஆம்ப்ளிஃபயர்கள் படிப்படியாக ஒன்பது ஊசி வால்வுகளுக்கு மாறின. அவற்றின் முதல் துளைக்குப் பல வடிவங்களில் அவர் தேர்ந்தெடுத்தது 12ஏஒய்7. இரைச்சலும் அதிர்வு பாதிப்பும் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்பட்ட வால்வு அது. கூடுதல் பெருக்கம் தரும் 12ஏஎக்ஸ்7 கையில் இருந்தும், முதல் கட்டத்திற்கு நிதானமான வால்வையே அவர் விரும்பினார். தெளிவையும் அமைதியையும் முதன்மையாகக் கருதிய ஒருவரின் தேர்வாகவே இதைப் பார்க்க முடிகிறது.

பாஸ்மேன் என்ற பெட்டி

இதே ஆண்டுகளில் கிட்டார்களின் வரலாற்றையும் ஃபெண்டர் மாற்றிக்கொண்டிருந்தார். குடைவில்லாத கட்டையால் ஆன அவரது கிட்டார் 1950-ல் சந்தைக்கு வந்தது. பெயர் உரிமைச் சிக்கலால் பிராட்காஸ்டர் என்ற அதன் பெயர் 1951-ல் டெலிகாஸ்டர் என மாற்றப்பட்டது. அதே ஆண்டில் பிரிசிஷன் பேஸ் கிட்டாரும், 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரும் வெளிவந்தன.

புதிய பேஸ் கிட்டாரின் தாழ்ந்த சுரங்களைத் தாங்குவதற்கென 1952-ல் பாஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபயர் அறிமுகமானது. பலமுறை திருத்தப்பட்ட அதன் மின்சுற்று, 1950-களின் இறுதியில் 5எஃப்6-ஏ என்ற வடிவத்தை எட்டியது. முதல் துளையில் ஒரு 12ஏஒய்7, அடுத்த இரண்டில் 12ஏஎக்ஸ்7, சுமார் 40 வாட் திறன், பத்து அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு என்பது அதன் அமைப்பு.

பேஸ் கலைஞர்களுக்காகச் செய்யப்பட்ட இந்தப் பெட்டியைச் சாதாரணக் கிட்டார் கலைஞர்களும் புளூஸ் இசைக் கலைஞர்களும் தேடி வாங்கினர். ஒலியளவைக் குறைவாக வைத்தால் அது தெளிந்த ஒலி தந்தது. முழுமையாகத் திருகினால் கனிந்த கரகரப்புடன் பாடியது. அந்த இரண்டாவது நிலை ஃபெண்டரின் திட்டத்தில் இல்லாத ஒன்று.

லண்டனில் ஒரு மாற்றம்

மேற்கு லண்டனின் ஹான்வெல் பகுதியில் டிரம் கலைஞரான ஜிம் மார்ஷல் 1960-ல் இசைக்கருவிக் கடை ஒன்றைத் தொடங்கியிருந்தார். அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்கள் பிரிட்டனில் விலை மிகுந்தவையாக இருந்தன. இளம் கிட்டார் கலைஞர்களின் கோரிக்கையை ஏற்று, கென் பிரான், டட்லி கிரேவன் ஆகிய தொழில்நுட்பவியலாளர்களுடன் சேர்ந்து ஒரு ஆம்ப்ளிஃபயரை உள்ளூரிலேயே தயாரிக்க அவர் முனைந்தார். அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டது பாஸ்மேன் 5எஃப்6-ஏ மின்சுற்று.

1962-ல் உருவான ஜேடிஎம்45, மின்சுற்று வரைபடத்தில் ஏறத்தாழ பாஸ்மேனின் நகலாகவே இருந்தது. ஆனால் பாகங்கள் பிரிட்டனில் கிடைத்தவை. முதல் துளையில் 12ஏஒய்7-க்குப் பதிலாக ஈசிசி83 இடம்பெற்றது. 12ஏஎக்ஸ்7 வால்வின் ஐரோப்பியப் பெயரே ஈசிசி83 ஆகும். இதனால் முதல் கட்டத்தின் பெருக்கம் ஏறத்தாழ இரு மடங்கானது.

ஒலியில் ஏற்பட்ட மாற்றத்திற்கு இந்த ஒரு வால்வு மட்டுமே காரணம் என்று கூற முடியாது. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் வேறு. பின்னூட்டத்தின் அளவு வேறு. பத்து அங்குல ஸ்பீக்கர்களுக்குப் பதிலாக மூடிய பெட்டியில் பன்னிரண்டு அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் நான்கு வைக்கப்பட்டன. சிறிது காலத்தில் திறன் வால்வுகளும் பிரிட்டனின் கேடி66 ஆக மாறின. ஆயினும் மார்ஷல் பெட்டி, பாஸ்மேனைவிட முன்னதாகவே கரகரக்கத் தொடங்கியதில் முதல் துளையின் ஈசிசி83-க்கு முக்கியப் பங்கு உண்டு.

1966-ல் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவுடன் எரிக் கிளாப்டன் பதிவு செய்த இசைத்தட்டில், இந்த மின்சுற்றைக் கொண்ட மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் ஒன்று உச்ச ஒலியில் இயக்கப்பட்டது. ராக் கிட்டாரின் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்ற எண்ணத்தையே அந்தப் பதிவு மாற்றியது. ஃபெண்டரின் வரைபடத்திலிருந்து ஃபெண்டர் விரும்பாத ஒலி கிளம்பியிருந்தது.

தூய்மையை நோக்கி

அட்லாண்டிக்கின் மறுகரையில் ஃபெண்டர் எதிர்த் திசையில் சென்றுகொண்டிருந்தார். கலிஃபோர்னியக் கடற்கரையின் சர்ஃப் இசைக் கலைஞரான டிக் டேல் பெரிய அரங்குகளில் மிக உரக்க வாசித்து, ஃபெண்டர் கொடுத்த ஆம்ப்ளிஃபயர்களையும் ஸ்பீக்கர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாக்கினார். அவருக்கு ஈடுகொடுக்கும் முயற்சியில் பிறந்ததுதான் ஷோமேன் ஆம்ப்ளிஃபயர். உரத்த ஒலி வேண்டும், ஆனால் அது சிதையக்கூடாது என்பதே ஃபெண்டரின் இலக்காக இருந்தது.

1963-ல் தொடங்கிய கறுப்பு முகப்பு வரிசையில் இந்த இலக்கு ஏறக்குறைய எட்டப்பட்டது. முன்பெருக்கியில் 12ஏஎக்ஸ்7-இன் இரைச்சல் குறைந்த வடிவமான 7025 இடம்பெற்றது. பெருக்கம் கூடினாலும் அதை ஒலிச்சீரமைப்புப் பகுதி பெருமளவு குறைத்துவிட்டது. திறன் வால்வுகளை இயக்கும் கட்டத்தில், பெருக்கம் குறைந்த 12ஏடி7 வைக்கப்பட்டது. அதே வகை வால்வு, அதிக மின்னோட்டம் தரக்கூடியது என்பதால், ஒலிக்கு ஆழம் கூட்டும் சுருள்வில் அமைப்பை இயக்கவும் பயன்பட்டது.

இவ்வரிசையின் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்ளிஃபயர், கண்ணாடி போன்ற தெளிந்த ஒலிக்கு இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. எந்தக் கட்டத்தில் எவ்வளவு பெருக்கம் தேவை என்பதைக் கணக்காளரின் நிதானத்தோடு பங்கிட்டுக் கொடுத்ததன் விளைவு அது.

நோயும் விற்பனையும்

வெற்றியின் உச்சத்தில் இருந்த ஃபெண்டரின் உடல்நிலை அப்போது சீராக இல்லை. 1950-களின் நடுப்பகுதியில் அவரைப் பற்றிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமித் தொற்று ஆண்டுக்கணக்கில் நீடித்தது. சிகிச்சைகள் பலனளிக்கவில்லை. தாம் அதிக நாள் உயிர் வாழப்போவதில்லை என்று நம்பத் தொடங்கிய அவர், தமது விவகாரங்களை ஒழுங்குபடுத்திவிட விரும்பினார்.

1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனம் சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்திற்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. புகழ்பெற்ற நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் 80 சதவீதப் பங்குகளுக்கு 1964-ல் சிபிஎஸ் கொடுத்த 1 கோடியே 12 லட்சம் டாலரைவிட இது அதிகம். கடன் வாங்கிய 600 டாலரில் தொடங்கிய பழுதுபார்க்கும் கடை 27 ஆண்டுகளில் இந்த நிலையை அடைந்திருந்தது.

விற்பனைக்குப் பின் ஃபெண்டர் மருத்துவரை மாற்றினார். புதிய மருத்துவர் அளித்த நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து நோயைக் குணப்படுத்தியது. மரணம் நெருங்கிவிட்டதாக எண்ணித் தமது பெயர் தாங்கிய நிறுவனத்தைக் கைவிட்டவர், முழு உடல்நலத்துடன் இருந்தார். பத்து ஆண்டுகளுக்குப் போட்டித் தொழில் நடத்தக்கூடாது என்ற ஒப்பந்தம் அவரைக் கட்டிப் போட்டிருந்தது.

சிபிஎஸ் நிர்வாகம் 1966-ல் வால்வுகளே இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களை ஃபெண்டர் பெயரில் வெளியிட்டது. நிறுவனத்தின் மூத்த நிர்வாகியான ஃபாரஸ்ட் ஒயிட், அந்த வடிவமைப்புகளின் தரத்தை ஏற்க மறுத்துப் பதவி விலகினார். அவை சந்தையிலும் தோல்வியடைந்தன. பழைய தயாரிப்புகளைக் கலைஞர்கள் தேடத் தொடங்கினர். சிபிஎஸ் காலத்திற்கு முந்தையது என்ற சொல்லே ஒரு தரச் சான்றாக மாறியது.

வால்வுக்குப் பற்றில்லாதவர்

ஃபெண்டரின் வாழ்வில் அடுத்து நடந்தது, அவரைப் பழமையின் காவலராகக் காண்பவர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். ஃபாரஸ்ட் ஒயிட், டாம் வாக்கர் ஆகியோர் 1970-களின் தொடக்கத்தில் நிறுவிய மியூசிக் மேன் நிறுவனத்தில் அவர் இணைந்தார். 1975-ல் அதன் தலைவராக அறிவிக்கப்பட்டார்.

மியூசிக் மேன் ஆம்ப்ளிஃபயர்களின் முன்பெருக்கியில் வால்வுகளே இல்லை. அந்த இடத்தில் டிரான்சிஸ்டர் வகை மின்சுற்றுகள் இருந்தன. ஸ்பீக்கரை இயக்கும் திறன் பகுதியில் மட்டும் வால்வுகள் தொடர்ந்தன. ஆரம்ப வடிவங்களில் அவ்விரண்டையும் இணைக்கும் கட்டத்தில் ஒரு 12ஏஎக்ஸ்7 எஞ்சியிருந்தது. பின்னர் அதுவும் நீக்கப்பட்டது.

முன்பெருக்கி வால்வுகளின் ஒவ்வொரு நுணுக்கத்தையும் ஆராயும் கலைஞர்களின் வழிபாட்டுக்குரிய மனிதர், அந்த வால்வுகளுக்குத் தமது நிறுவனத்திலேயே விடைகொடுத்திருந்தார். ஆனால் இதில் முரண் ஏதும் இல்லை என்றே கூற வேண்டும். அவர் தேடியது வால்வை அல்ல; இரைச்சலற்ற, நம்பத்தகுந்த, தெளிந்த ஒலியை. 1950-களில் அதற்கு 12ஏஒய்7 உதவியது. 1970-களில் டிரான்சிஸ்டர் உதவும் என்று அவர் கருதினார்.

1979-ல் மனைவி எஸ்தர் புற்றுநோயால் காலமானார். அக்காலத்தில் மியூசிக் மேனிலிருந்து விலகிய ஃபெண்டர், நீண்டகால நண்பரான ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனுடன் இணைந்து ஜி அண்ட் எல் என்ற கிட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். 1980-ல் ஃபில்லிஸ் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். முதுமையில் பார்க்கின்சன் நோய் தாக்கியபோதும் கடைசி நாட்கள் வரை பட்டறைக்குச் சென்று வந்தார். 1991 மார்ச் 21-ம் தேதி ஃபுல்லர்ட்டனில் தமது 81-ம் வயதில் காலமானார். மறு ஆண்டு ராக் அண்ட் ரோல் கௌரவ மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

தொடரும் தேடல்

மேற்கு நாடுகளின் பெரிய வால்வுத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளின் ஆலைகளையே கிட்டார் உலகம் சார்ந்திருக்கும் நிலை உருவானது. 2022-ல் உக்ரைன் போரைத் தொடர்ந்து ரஷ்ய வால்வுகளின் ஏற்றுமதி தடைப்பட்டபோது, உலகெங்கும் அவற்றின் விலை உயர்ந்தது. ராணுவத்திற்கும் வானொலிக்கும் தேவைப்படாத ஒரு பொருளை இசைக் கலைஞர்களே உயிருடன் வைத்திருக்கிறார்கள் என்பதை அந்தத் தட்டுப்பாடு உணர்த்தியது.

ஒரே எண்ணைத் தாங்கிய வால்வுகளும் ஆலைக்கு ஆலை வேறுபடுகின்றன என்று கலைஞர்கள் கூறுகிறார்கள். இரைச்சலிலும், அதிர்வைத் தாங்கும் திறனிலும், பெருக்கத்திலும் வேறுபாடு இருப்பது உண்மையே. ஆனால் சற்று உரக்க ஒலிப்பது சிறப்பாக ஒலிப்பதாகத் தோன்றுவது செவியின் இயல்பு என்றும், ஒலியளவைச் சமமாக வைத்து ஒப்பிட்டால் பல வேறுபாடுகள் சுருங்கிவிடும் என்றும் பொறியாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். மின்சுற்றும் ஸ்பீக்கரும் ஒலியின் தன்மையைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

பெருக்கக் காரணியே வேறான வால்வை மாற்றும்போது ஏற்படும் விளைவு இதிலிருந்து வேறானது. முதல் துளையில் உள்ள 12ஏஎக்ஸ்7-ஐ எடுத்துவிட்டு 12ஏஒய்7-ஐச் செருகினால், ஒலியளவுத் திருகு மெல்ல ஏறுகிறது. கரகரப்பு தாமதமாக வருகிறது. ஒவ்வொரு வால்வுக்கும் பொருத்தமான மின்தடைகள் வேறு என்பதால், மாற்றிச் செருகுவது புதிதாக வடிவமைப்பதற்கு ஈடாகாது. ஆயினும் சிறு செலவில் கிடைக்கும் தெளிவான மாற்றம் இதுவாகும்.

தமது ஆம்ப்ளிஃபயர்களில் எந்த வால்வை எங்கே வைக்க வேண்டும் என்று எழுதி, பெட்டிக்குள் ஒட்டி அனுப்பியவர் லியோ ஃபெண்டர். அந்த அட்டவணையைக் கலைஞர்கள் அன்றும் முழுமையாகப் பின்பற்றவில்லை, இன்றும் பின்பற்றுவதில்லை. ஆனால் அவர்கள் அதை மீற முடிந்ததற்குக் காரணம், பின்பலகையைக் கழற்றினால் எல்லாம் கைக்கு எட்டும்படி அவர் அமைத்திருந்ததுதான்.